எண்வகை விடையும் எழுத்து விளையாட்டும்

கேட்பது எளிது; விடை சொல்வது அரிது. வகுப்பறையிலே நெடுநாள் நின்றவர் எவரும் இதனை ஒப்புவர். பிள்ளை ஒன்றைக் கேட்கின்றது. ஆசிரியர் 'இல்லை' என்னலாம், 'அதோ பார்' என்னலாம், 'நீயே செய்து பார்' என்னலாம், 'ஏன் கேட்கிறாய்?' என்று திருப்பியும் கேட்கலாம். ஒவ்வொன்றும் ஒரு விடை. சில விடைகள் வழியைத் திறக்கும். சில விடைகள் வாயை மூடும்.

பவணந்தி முனிவர் நன்னூற் சொல்லதிகாரத்துப் பொதுவியலிலே வினாவை ஆறு என்றும், விடையை எட்டு என்றும் வகுத்தார். கேட்கும் வகையிலும் சொல்லும் வகை இரண்டு கூடியிருப்பதைக் கவனிக்க வேண்டும். மாணவர் இவற்றைப் பரீட்சைக்காக நெட்டுருப் பண்ணி, பரீட்சை மண்டபத்து வாசலிலேயே விட்டுவிட்டுப் போகின்றனர். இவை கணினியில் விளையாட்டுச் செய்வோருக்கு வேண்டிய இலக்கணம் என்று சொன்னால் சிலர் நகைக்கக்கூடும். நகைப்பதற்கு முன் சிறிது பொறுத்துக் கேட்பாராக.

விளையாட்டு யாது?

திரையிலே படம் இல்லை, ஓசை இல்லை, எழுத்து மாத்திரம் உண்டு. 'நீ ஒரு முற்றத்தில் நிற்கிறாய். வடக்கே வீடு. கிழக்கே கிணறு. தெற்கே படலை' என்று கணினி எழுதுகின்றது. விளையாடுபவர் 'வடக்கே போ' என்று எழுதுகின்றார். கணினி அவரை வீட்டுத் திண்ணையிலே கொண்டுபோய் நிறுத்தி, அங்கே உள்ளவற்றைச் சொல்லுகின்றது. 'வாளியை எடு' என்றால் வாளி கைக்கு வருகின்றது. இப்படியே ஏவலும் விடையுமாகக் கதை நடக்கின்றது. இதனை எழுத்துச் சாகச விளையாட்டு என்பர்.

இதன் பிறப்பு அமெரிக்காவில். வில் குரோதர் என்னும் கணினி நிரலாளர் குகைகளிலே புகுந்து அவற்றை அளந்து படம் வரைவதில் ஈடுபட்டவர். கெண்டக்கி மாநிலத்து மாமத் குகையின் ஒரு பகுதியை அடிப்படையாகக் கொண்டு, தம் பெண் பிள்ளைகள் இருவரும் விளையாடுவதற்காக, 1975, 1976 ஆம் ஆண்டுகளில் இவ்வகையின் முதல் விளையாட்டை எழுதினார். 1977 இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்திலிருந்த டொன் வூட்ஸ் என்பவர் அதனை விரித்தார். ஒரு தந்தை தம் பிள்ளைகளுக்குத் தாம் கண்ட குகையைச் சொல்லால் காட்ட முயன்றதே இந்தக் கலையின் தோற்றம். இதனை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னர் வேண்டப்படும்.

1979 இல் இன்ஃபோகொம் என்னும் நிறுவனம் தோன்றியது. 'சோர்க்' முதலிய விளையாட்டுக்களை விற்றுப் பெயர் பெற்றது. படம் காட்டும் விளையாட்டுக்கள் பெருகவே எழுத்து விளையாட்டின் சந்தை சுருங்கிற்று. ஆனாற் கலை அழியவில்லை. ஆர்வலர் கைக்கு வந்தது. 1983 இல் 'குவில்' என்ற கருவியும், 1993 இல் கிரகாம் நெல்சன் ஆக்கிய 'இன்ஃபோம்' என்ற கருவியும் நிரலாளர் அல்லாதாருக்கும் வழி செய்தன. 1995 முதல் இவ்வகை ஆக்கங்களுக்கு ஆண்டுதோறும் ஒரு போட்டி நடைபெறுகின்றது. அங்கே நடுவர் விளையாடுபவரே. ஓர் ஆக்கத்தை இரண்டு மணித்தியாலத்துக்கு மேற்படாமல் விளையாடி, அந்த அளவில் மதிப்பிட வேண்டும் என்பது விதி. நல்ல விதி. வாசகருடைய பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டன்றோ!

பெரியோர் செய்த பிழை

புதியோரின் ஆக்கங்களை ஆராயப் புகுமுன், பெயர் பெற்ற ஆக்கங்களின் குற்றங்களையும் எண்ணிப் பார்ப்பது நடுவுநிலைமை. குரோதர், வூட்ஸ் இருவரும் செய்த முதல் விளையாட்டிலே ஒன்றுபோல் ஒன்று தோன்றும் வழிகள் நிறைந்த ஒரு சுழலிடம் உண்டு. அதனுட் புகுந்தவர், கையிலுள்ள பொருள்களை ஒவ்வோரிடத்தில் ஒவ்வொன்றாகப் போட்டு அடையாளம் வைத்தாலன்றி வெளியேறுதல் அரிது. அங்கேயே இறுதிப் புள்ளி ஒன்றைப் பெறுவதற்கு, ஒரு சஞ்சிகையை ஒரு குறித்த இடத்திலே போட்டுவிட வேண்டும். ஏன் போட வேண்டும்? காரணம் இல்லை. காரணம் இல்லாத இடத்திற் புதிரும் இல்லை.

டக்ளஸ் அடம்ஸ் என்ற நாவலாசிரியரின் கதையைத் தழுவி 1984 இல் வந்த விளையாட்டிலே, தொடக்கத்தில் ஒரு நாய்க்கு உணவு கொடுக்க வேண்டும். கொடாமற் போனவர், நெடுநேரம் கழித்து, கதை வேறெங்கோ சென்றபின் அழிவார். அந்த நாயே தம்மை அழித்தது என்று அவருக்குத் தோன்றாது. 1981 இல் வந்த 'சோர்க்' இரண்டாம் பாகத்திலே ஒரு புதிரை விடுப்பதற்குப் பேஸ்போல் ஆட்டத்தின் ஒழுங்கு தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்கர் அறிவர், அல்லைப்பிட்டியார் அறியார்.

இவற்றையெல்லாம் கண்ட கிரகாம் நெல்சன் 1995 இல் வெளியிட்ட கட்டுரைத் தொகுதியில், விளையாடுபவரின் உரிமைகள் எனப் பதினேழு வகுத்தார். எச்சரிக்கையின்றிக் கொல்லப்படலாகாது, எதிர்காலத்தை முன்னறிந்தாலன்றி வெல்ல முடியாது என்ற நிலை கூடாது, ஒரே வினைச்சொல்லைத் தேடித் திண்டாட வைத்தலாகாது, ஒருபொருட் பன்மொழிகளை ஏற்க வேண்டும், அமெரிக்கராய்ப் பிறந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் கூடாது என்பன அவற்றுட் சில.

இந்தப் பட்டியலைப் படித்தபோது எனக்கு நன்னூற் பாயிரம் நினைவுக்கு வந்தது. நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களை அங்கே நாம் படித்திருக்கின்றோம். வேண்டியதைக் குறைத்துச் சொன்னால் குன்றக் கூறல். வேண்டாததை அடுக்கினால் மிகைபடக் கூறல். சுழலிடத்திலே மனிதரை அலைய விடுவது மயங்க வைத்தலன்றி வேறென்ன? கெண்டக்கிக் குகையும் பவணந்தியாரும் எவ்வளவு தூரம்! ஆயினும் சொல்லைக் கொண்டு ஒருவரை வழிநடத்துவோர் தவறும் இடங்கள் எங்கும் ஒன்றாகவே இருக்கின்றன.

நான்கு ஆக்கங்கள்

எங்கள் தீவுப்பகுதி மாணவர் சிலர் கணினிப் பாடத்தில் பைதன் என்னும் நிரல் மொழியைக் கற்றனர். கற்றதைக் கொண்டு தமிழிலே எழுத்து விளையாட்டுச் செய்தனர். 'பண்டிதர் ஐயா, பிழை திருத்தித் தாருங்கோ' என்று என்னிடங் கொண்டுவந்தனர். ஒற்றுப் பிழையையே அவர்கள் கருதினர். நான்கு ஆக்கங்களையும் நான் முழுவதும் விளையாடினேன். முயற்சி பாராட்டத்தக்கது. குறைகளும் கற்பிக்கத்தக்கன.

முதலாவது நயினாதீவு யாத்திரை. குறிகட்டுவான் துறையிலே கதை தொடங்குகின்றது. துறையின் வருணனை மிக அழகு: கயிற்றின் ஈரம், எண்ணெய் மணம், பயணிகளின் பைகள் எல்லாம் கண்முன் நிற்கின்றன. 'வள்ளத்தில் ஏறு' என்றேன். 'வள்ளம் கவிழ்ந்தது. நீ இறந்தாய்' என்று முடிந்தது. காற்றுப் பற்றி ஒரு சொல் இல்லை. கடல் பற்றி ஒரு குறிப்பு இல்லை. மூன்றாம் முறையில் இறவாமல் தீவுக்குச் சேர்ந்தேன். அங்கே ஒவ்வோரிடத்துக்கும் ஒற்றை வரி. துறையிலே பத்து வரி எழுதிய கை தீவிலே களைத்துவிட்டது. சென்று தேய்ந்து இறுதல் என்ற குற்றத்துக்கு இதனிலும் நல்ல உதாரணம் நான் வகுப்பிற் சொன்னதில்லை.

இரண்டாவது நெடுந்தீவுக் குதிரை. தப்பிப்போன குட்டி ஒன்றைத் தேட வேண்டும். முருகைக்கல் வேலிகளுக்கு நடுவே ஒழுங்கைகள். பன்னிரண்டு ஒழுங்கைக்கும் ஒரே வருணனை. எழுதிய பிள்ளையைக் கேட்டேன். 'அதுதான் ஐயா கஷ்டம்' என்றாள். கஷ்டம் வேறு, புதிர் வேறு. தொல்காப்பியர் பிசி என்றதும், நாம் நொடி என்பதும் புதிரே. நொடிக்கு விடை தெரிந்தபின் 'அடடா, இது தெரியாமற் போயிற்றே!' என்று தோன்ற வேண்டும். 'இதை யார்தான் அறிவார்?' என்று தோன்றினால் அது நொடி அன்று. நெடுந்தீவார் தம் ஒழுங்கைகளில் மயங்குவதில்லை. ஒன்றிலே கல் சரிந்திருக்கும். ஒன்றிலே பனை சாய்ந்திருக்கும். அவற்றைச் சொன்னாற் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். பார்த்துக் கண்டுபிடித்தலே இன்பம்.

மூன்றாவது ஊர்காவற்றுறைக் கடற்கோட்டை. போர்த்துக்கேயர் கட்டியதும், 1658 இல் ஒல்லாந்தர் கைப்பற்றியதும் ஆகிய கோட்டையின் வரலாறு இரண்டு பக்கம் வருகின்றது. பரீட்சை விடை போல இருக்கின்றது. மற்றொன்று விரித்தல். அதனை விட்டுக் காரைநகருக்குப் போக விரும்பி, 'பாதையில் ஏறு' என்றேன். கடலைக் கடத்தும் மிதவையை இங்கே பாதை என்றே சொல்வோம். 'நீ ஏற்கெனவே பாதையில்தான் நிற்கிறாய்' என்றது கணினி. தெருவை நினைத்துச் சொல்லிவிட்டது. எழுதிய பிள்ளையும் நானும் சேர்ந்து சிரித்தோம். ஆயினும் ஒருசொற் பல்பொருள் என்பது நிகண்டுக்குள் அடைபட்டுக் கிடக்கும் செய்தி அன்று என்பதைப் பிள்ளை அன்று கண்டுகொண்டான்.

நான்காவது ஆக்கமே இக்கட்டுரையை எழுதச் செய்தது.

கிணறு இல்லை என்ற கணினி

மண்டைதீவு என் ஊர். யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைக் கடலைக் கடந்தவுடன் உள்ளது. 1990 ஆம் ஆண்டின் போரிலே ஊர் கலைந்தது. சிலர் திரும்பினர், பலர் திரும்பவில்லை. திரும்பாத குடும்பம் ஒன்றைச் சேர்ந்த மாணவன், தன் அப்பாச்சியின் வீட்டை விளையாட்டாக எழுதியிருந்தான். அவன் அந்த வீட்டைக் கண்டதில்லை. அப்பாச்சி சொன்னதைக் கேட்டு எழுதினான். சங்கடப்படலை, திண்ணை, மாட்டுக்கொட்டில், துலாக் கிணறு, கிணற்றடி வாழை, பின்வேலியில் ஒரு பொட்டு. வீட்டிலே மறந்துவிட்டுப் போன ஒரு பெட்டியை எடுத்துவர வேண்டும் என்பது கதை. குரோதர் தாம் அளந்த குகையைப் பிள்ளைகளுக்குக் காட்டினார். இந்தப் பிள்ளை தான் காணாத வீட்டை அப்பாச்சிக்குக் காட்ட விரும்பினான்.

ஒரு மாலையில் அவர்கள் வீட்டிலே நானும் இருந்தேன். அப்பாச்சி சொல்ல, பேரன் எழுத்துக்களை அழுத்தினான். முற்றம் வந்தது. 'கிழக்கே கிணறு' என்று இருந்தது. 'கிணத்தைப் பாக்கச் சொல்லு ராசா' என்றார் அப்பாச்சி. அவன் பள்ளிக்கூடத் தமிழில் 'கிணற்றைப் பார்' என்று எழுதினான். 'அப்படி ஒன்று இங்கே இல்லை' என்றது கணினி.

அப்பாச்சி சிறிது நேரம் பேசவில்லை. பின், 'அப்ப கிணத்தைத் தூர்த்துப்போட்டாங்கள் எண்டது மெய்தான்' என்றார்.

பேரன் பதறிப்போனான். 'இல்லை அப்பாச்சி, இது புரோகிராம் பிழை' என்றான். அவர் அதனைக் கேட்டதாகத் தெரியவில்லை. இயந்திரம் விசாரித்துச் சொன்ன செய்தியாகவே அந்த விடையை அவர் எடுத்துக்கொண்டார்.

பிழை எங்கே இருந்தது? நிரலைப் பார்த்தோம். 'கிணறு' என்ற சொல்லை மாத்திரம் கணினிக்குச் சொல்லியிருந்தான். 'கிணற்றை' என்பது கணினிக்கு வேறு சொல். வாளி 'வாளியை' என வரும். சொல்லின் முற்பகுதி மாறாது. ஆனால் கிணறு 'கிணற்றை' ஆகும். கயிறு 'கயிற்றை' ஆகும். வீடு 'வீட்டை' ஆகும். மரம் 'மரத்தை' ஆகும். ஒற்று இரட்டுவதும் சாரியை வருவதும் நாம் உயிரீற்றுப் புணரியலிலும் உருபு புணரியலிலும் படித்தவை. படித்ததைப் பிள்ளை மறக்கவில்லை. அது இங்கே வேண்டும் என்று அவனுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

முதல் அமெரிக்க விளையாட்டு ஒவ்வொரு சொல்லிலும் முதல் ஐந்து எழுத்தையே பார்க்கும். அதனால் ஆங்கிலத்தில் 'வடகிழக்கு' என்று முழுவதும் எழுதினாலும் 'வடக்கு' என்றே கொள்ளும்; குறுக்கெழுத்தால் எழுதும்படி சொல்லி அந்தக் குறையைச் சமாளித்தனர். அவர்கள் மொழிக்கு அந்தச் சூழ்ச்சி ஓரளவு போதும். தமிழுக்குப் போதாது. 'கிணறு' என்பதையும் 'கிணற்றை' என்பதையும் ஒரு பொருளாக அறிவதற்குப் புணர்ச்சி இலக்கணம் வேண்டும். இலக்கணம் படித்து என்ன பயன் என்று கேட்பவருக்கு இனி அந்த முற்றத்துக் கிணற்றைக் காட்டுவேன்.

இன்னொன்று. ஆங்கிலப் பாடநூலைப் பார்த்து எழுதியமையால், நான்கு ஆக்கங்களுள் மூன்று, முதலில் வினையும் பின் பெயரும் வரவேண்டும் என்று எதிர்பார்த்தன. 'திற படலை' என்றால் விளங்கும். 'படலையைத் திற' என்றால் விளங்காது. எழுத்துத் தமிழ், நடை ஆங்கிலம். விளையாடுபவரின் வாய்மொழிக்கே நிரல் பழக வேண்டும். 'படலையை திற' என்று ஒற்று விட்டு எழுதினாலும் ஏற்க வேண்டும். கட்டுரையில் அதற்கு நான் புள்ளி குறைப்பேன். அது என் தொழில். கணினியின் தொழில் புள்ளி இடுவதன்று. கருத்தறிந்து விடை கூறுவது.

எட்டு விடை

இனி விடைக்கு வருவோம். விளையாடுபவர் எழுதுவது வடிவத்தால் ஏவல், கருத்தால் வினா. 'படலையைத் திற' என்பவர், 'இது திறக்குமா? திறந்தால் என்ன ஆகும்?' என்றே கேட்கின்றார். புதியோர் ஆக்கங்களில் இதற்குப் பெரும்பாலும் இரண்டே விடை: திறந்துவிடும், அல்லது 'விளங்கவில்லை' என்னும். நன்னூலார் சொன்ன எட்டையும் வைத்துப் பார்ப்போம்.

'அதோ, தெற்கே உள்ளது' என்பது சுட்டு. 'திறக்காது' என்பது மறை. 'திறந்தது' என்பது நேர். இம்மூன்றும் நேரான விடை. எஞ்சிய ஐந்தும் குறிப்பால் விடையாவன. 'முதலில் நீ கயிற்றை அவிழ்' என்பது ஏவல். 'எந்தப் படலையை? தெருப்படலையையா, கொல்லைப் படலையையா?' என வினாவுக்கு வினாவையே எதிர் வைப்பது வினாதல். 'மழையில் நனைந்து கயிறு இறுகிக் கிடக்கின்றது' என்பது உற்றது உரைத்தல். 'இப்பொழுது திறந்தால் கன்று தெருவுக்கு ஓடிவிடும்' என்பது உறுவது கூறல். 'பின்வேலியில் ஒரு பொட்டு இருக்கின்றது' என்பது இனமொழி.

வாசகர் கவனிக்க வேண்டும். 'திறக்காது' என்ற ஒன்றையே சொன்னால், விளையாடுபவர் சுவரிலே முட்டி நிற்கின்றார். 'கயிறு இறுகிக் கிடக்கின்றது' என்றால் கத்தியைத் தேடுவார். 'கன்று ஓடிவிடும்' என்றால் முதலிற் கன்றைக் கட்டுவார். 'வேலியிலே பொட்டு இருக்கின்றது' என்றால் அங்கே போவார். படலை ஒருபோதும் திறக்கவில்லை. ஆயினும் கதை நடந்துவிட்டது. நல்ல மறுப்பு வழி காட்டும். எச்சரிக்கையின்றிக் கொல்லாதே என்று நெல்சன் சொன்னதையும் உறுவது கூறல் என்ற விடையால் நிறைவேற்றலாம். 'காற்று எழுகின்றது, இந்த வள்ளம் தாங்காது' என்று குறிகட்டுவானிலே ஒரு வரி இருந்திருந்தால், நான் இரண்டு முறை இறந்திருக்க வேண்டியதில்லை.

'விளங்கவில்லை' என்பது இந்த எட்டினுள் எது? ஒன்றும் அன்று. அது விடை அன்று. ஆனால் அது ஓர் ஒப்புதல். அதிலே நேர்மை உண்டு. மண்டைதீவுக் கிணற்றிலே நடந்தது அதனினும் தீது. விளங்காமையை இன்மையாகச் சொல்லிவிட்டது கணினி. 'அந்தச் சொல் எனக்குத் தெரியாது' என்பது வேறு. 'அப்படி ஒன்று இல்லை' என்பது வேறு. முதலாவது சொல்பவரின் குறை. இரண்டாவது உலகத்தைப் பற்றிய கூற்று. முற்றத்து வருணனையில் 'கிழக்கே கிணறு' என்றும், விடையில் 'இல்லை' என்றும் வருவது மாறுகொளக் கூறல். இலக்கணக்காரர் இதனைக் குற்றம் என்று எழுதிவிட்டுப் போவர். அந்த அப்பாச்சிக்கு அது குற்றமாகத் தோன்றவில்லை. மெய்யாகத் தோன்றிற்று. ஆக்கியோன் கொடுத்த சொல்லை விளையாடுபவர் நம்புகின்றார். நம்புகின்றவரிடம் இல்லாததை உண்டென்பதும், உள்ளதை இல்லையென்பதும் விளையாட்டாகாது.

எதைக் கேட்டாலும் சரளமாகத் தமிழிலே எழுதித் தரும் கணினிகள் இப்பொழுது வந்துள்ளன. அவற்றை இணைத்தால் இந்தத் தொல்லை தீராதா என்று ஒரு மாணவி கேட்டாள். உருபும் ஒற்றும் பற்றிய தொல்லை பெரிதும் தீரும். மற்றது தீராது. அவை சில வேளைகளில் இல்லாததையும் உள்ளதுபோலச் சொல்லும். அப்பாச்சி வீட்டிலே இருந்த கிணறு ஒன்று. இரண்டாவது கிணறு ஒன்றை அழகான தமிழில் அது தோண்டிக் கொடுத்தால் யார் மூடுவது? எது உண்டு, எது இல்லை என்பதை ஆக்கியோன் அறிந்து பிடித்துக்கொள்ள வேண்டும். அந்தப் பொறுப்பை எந்த இயந்திரத்துக்கும் கைமாற்ற இயலாது.

நிகண்டும் அரங்கேற்றமும்

செய்ய வேண்டுவன யாவை? இரண்டு சொல்வேன்.

ஒன்று, நிகண்டு. சூடாமணி நிகண்டின் முதற் பத்துத் தொகுதிகளும் ஒரு பொருளுக்கு உரிய பல பெயர்களைத் தொகுக்கின்றன; பதினோராந் தொகுதி ஒரு சொல்லுக்கு உரிய பல பொருள்களைத் தருகின்றது. எழுத்து விளையாட்டுக்கு வேண்டிய சொற்பட்டியல் இவ்விரண்டுமே. கிணற்றைக் கேணி என்பாரும் துரவு என்பாரும் உண்டு. படலையைத் தமிழ்நாட்டார் கதவு என்பர். கொழும்பிலே வளர்ந்த பிள்ளை கேற் என்னும். எல்லோருக்கும் அது திறக்க வேண்டும். அமெரிக்கராய்ப் பிறக்க வேண்டியதில்லை என்று நெல்சன் சொன்னார். யாழ்ப்பாணத்தாராய்ப் பிறக்க வேண்டியதில்லை என்பதை நாம் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதற்காகப் படலை என்ற சொல்லை விட்டுவிடுதல் கூடாது. வருணனையிலே நம் சொல் நிற்கட்டும். வாசலிலே எல்லார் சொல்லும் நுழையட்டும். ஓர் ஆக்கத்தில் முப்பது பொருள் இருந்தால், ஒவ்வொன்றுக்கும் அதன் மறுபெயர்களும் வேற்றுமை வடிவங்களும் பேச்சு வடிவமும் எழுதி வைத்தல் ஒருநாள் வேலை. 'கிணத்தை' என்பதும் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும்.

மற்றொன்று, அரங்கேற்றம். முன்னோர் நூல் செய்து உடனே உலகுக்கு விடவில்லை. அவையிலே வைத்தனர். வினாவுக்கு விடை கூறினர். விளையாட்டுக்கும் அஃது ஆகும். செய்தவர் வழியை அறிந்தவர். ஆதலால் தம் பிழையிலே அவர் கால் ஒருநாளும் இடறாது. வேறொருவரை இருத்தி, தாம் பக்கத்திலே வாய்மூடி இருக்க வேண்டும். அவர் எழுதுகின்ற ஒவ்வொரு சொல்லையும் குறித்துக்கொள்ள வேண்டும். 'அப்படி இல்லை, இப்படி எழுதுங்கோ' என்று சொல்லத் தொடங்கினால் அரங்கேற்றம் கெட்டது. விளையாடுபவர் எழுதியதே பாடம். அதற்கு உரை எழுதுவதே ஆக்கியோன் கடன்.

அவையோருக்கும் ஒரு கடன் உண்டு. குற்றம் காண்பது எளிது. அதனைச் செய்தவர் திருத்தும்படி சொல்வதே அரிது. 'நன்றாக இல்லை' என்பது வெறும் மறை. 'ஐந்தாம் ஒழுங்கையிலே நான் திரும்பத் தெரியாமல் நின்றேன்' என்பது உற்றது உரைத்தல். 'இப்படியே விட்டால் வாசகர் இங்கே நிறுத்திவிடுவர்' என்பது உறுவது கூறல். கணினிக்குச் சொன்ன இலக்கணம் மதிப்புரைகாரருக்கும் பொருந்தும். எங்கள் இலக்கிய வட்டங்களில் மறைவிடை மலிந்துவிட்டது என்பது என் எண்ணம். இளையோர் பலர் எழுதுவதை நிறுத்துவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்த மாணவன் தன் நிரலைத் திருத்தியிருக்கின்றான். இப்பொழுது 'கிணற்றைப் பார்' என்றாலும் 'கிணத்தைப் பார்' என்றாலும் கிணறு தெரிகின்றது. என்ன தெரிய வேண்டும் என்பதிலே அவனுக்கு ஒரு தடை வந்தது. தண்ணீர் இருப்பதாக எழுதுவதா, தூர்ந்து கிடப்பதாக எழுதுவதா? 'அதை அப்பாச்சியையே கேள். எந்த ஆண்டின் முற்றம் என்று அவர் சொல்லட்டும்' என்றேன். அவர் சொன்ன ஆண்டு 1989. ஆகவே துலா நிற்கின்றது, வாழை நிற்கின்றது, தண்ணீர் கைக்கு எட்டுகின்றது. அது பொய் அன்று. ஆண்டு எழுதப்பட்டிருக்கின்றது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தவணையிலே நன்னூல் வினாவிடைச் சூத்திரங்களைப் படிப்பிக்கும்போது, மாணவர் ஒவ்வொருவரும் ஒரு முற்றம் எழுதட்டும். கணினி இல்லாவிடிற் கொப்பி போதும். ஒருவர் ஏவட்டும், மற்றவர் கணினியாக நின்று விடை சொல்லட்டும். 'விளங்கவில்லை' என்றும் 'இல்லை' என்றும் சொல்லாமல், எட்டு விடையுள் ஏற்றதைச் சொல்ல வேண்டும். அரை மணித்தியாலத்தில் சூத்திரம் மனத்திற் பதியும். அதனோடு, ஒருவர் கேட்டதைச் சரியாகக் கேட்டு, உள்ளதை உள்ளபடி சொல்லும் பழக்கமும் வரும். அந்தப் பழக்கம் வந்தபின் விளையாட்டுச் செய்யலாம், கதை எழுதலாம், ஆசிரியராகவும் இருக்கலாம்.